கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு ப்ராசஸர்: 16 கோர் வேணுமா, வேணாமா?

#1 கேமராக்காரன்_மதுரை | 11 மே 2025, இரவு 11:40

வணக்கம் மக்களே. தொழில் கல்யாண வீடியோ. இப்ப இருக்கறது ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். அஞ்சு வருஷம் சோறு போட்ட மெஷின், குறை சொல்ல மாட்டேன். ஆனா தை மாசம் புதுக் கேமரா வாங்கினதுல இருந்து டைம்லைன்ல ப்ளே பண்ணினா எல்லாம் திக்கித் திக்கி ஓடுது. மாப்பிள்ளை கை தாலிகிட்ட போகுது, அப்படியே நிக்குது, அடுத்து அசையும்போது மூணு முடிச்சும் விழுந்து முடிஞ்சிருக்கு.

ப்ராசஸர், போர்டு, ரேம் மூணுக்கும் சேர்த்து 90 ஆயிரம் வரைக்கும் போகலாம். கிராபிக்ஸ் கார்டு ஆவணியில பாத்துக்கலாம். ஏஎம்டி-யோட 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் மேல ஒரு கண்ணு. கடைக்காரர் இன்டெல் எடுங்கங்கறார், மச்சான் ரைசன்லயே எக்ஸ்3டி-ன்னு வர்ற மாடலை எடுக்கச் சொல்றான்.

வேலை: முக்கால்வாசி பிரீமியர், கொஞ்சம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், மீதி ஆல்பத்துக்கு ஃபோட்டோஷாப். நான் கேம் ஆடறதில்ல. பையன் ஆடுவான், அதைக் கணக்குல சேக்க வேணாம். எடிட் ரூம்ல ஏசி கிடையாது.

#2 ரென்டர்_ராசா | 11 மே, இரவு 11:58

கண்ணை மூடிட்டு 9950எக்ஸ்3டி எடுங்க ப்ரோ. 16 கோர், 32 த்ரெட் (ஒரே நேரத்துல 32 வேலை ஓடும்), 128 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற வேக நினைவகம்). மார்ச்சுலதான் வந்துச்சு. இதுக்கு மேல போகணும்னா ஏஎம்டியோட பெரிய வொர்க்ஸ்டேஷன் சிப்பு த்ரெட்ரிப்பர்தான். அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்.

#3 நூல்32 | 12 மே, காலை 7:15

ராசா, எதுக்கு அந்த எக்ஸ்3டி? அவருதான் கேம் ஆடறதில்லன்னு சொல்லிட்டாரே.

எக்ஸ்3டி-ல இருக்கற கூடுதல் கேஷ் கேம்ல ஏன் வேலை செய்யுதுன்னா, கேம் நினைவகத்துல அங்கொண்ணு இங்கொண்ணுன்னு தேடிக்கிட்டே இருக்கும். அந்தத் தேடல் ரேம் வரைக்கும் போகாம சிப்புலயே முடிஞ்சா வேகம். வீடியோ அப்படி இல்ல. ஒரு ஃப்ரேம் வரும், போகும், அடுத்தது வரும். ஓடுற தண்ணிக்குப் பெரிய அண்டா எதுக்கு? அதோட 9950எக்ஸ்3டி-ல ரெண்டு எட்டு-கோர் சில்லுல ஒண்ணுக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் கேஷ். கேம் ஓடும்போது வேலையை அந்தப் பக்கம் தள்ளறதுக்கு விண்டோஸும் சிப்செட் டிரைவரும் சேர்ந்து ஒரு பாடு படும். கேமுக்கு மட்டும்னா 8 கோர் 9800எக்ஸ்3டி போதும், அதுல இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

அறிமுக விலையைப் பாருங்க: 9950எக்ஸ் 649 டாலர், எக்ஸ்3டி 699. நம்ம ஊருக்கு வரும்போது 18 சதவீத ஜிஎஸ்டி, அதுக்கு மேல கடைக்காரர் மனசு. அந்த வித்தியாசத்துல ஒரு நல்ல எஸ்எஸ்டி-க்குப் பாதி காசு தேறும்.

#4 சூடு_கம்மி | 12 மே, காலை 9:02

அண்ணே, எதையும் வாங்காதீங்க. முதல்ல ஒரு வேலை பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் ஆகும்.

பிரீமியர்ல புதுக் கேமரா கிளிப்பை டைம்லைன்ல போட்டு ப்ளே பண்ணுங்க, எஃபெக்ட் எதுவும் வேணாம். பக்கத்துல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல சிபியு எத்தனை சதவீதம்னு பாருங்க. அப்புறம் கிராபிக்ஸ் கார்டைத் தட்டினா நாலு சின்னக் கட்டம் வரும், அதுல 'வீடியோ டீகோட்'னு இருக்கறதைப் பாருங்க. அடுத்து பழைய கேமரா கிளிப்பைப் போட்டு அதே மாதிரி. கடைசியா ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல உங்க வழக்கமான டைட்டில் ஒண்ணை ஓட விட்டு ரேமையும் டிஸ்க்கையும் பாருங்க.

கூடவே, புதுக் கேமரா என்ன ஃபார்மேட்ல எழுதுது? எச்.264-ஆ, எச்.265-ஆ? 4:2:0-ஆ, 4:2:2-ஆ?

#5 கேமராக்காரன்_மதுரை | 12 மே, மதியம் 2:20

பாத்துட்டேன் தம்பி. கேமரா மெனுவுல எச்.265, 4:2:2, 10 பிட்னு இருக்கு. யூட்யூப்ல ஒருத்தர் கலர் நல்லா வரும்னு சொன்னார், மாத்தி வெச்சேன்.

புதுக் கிளிப்: சிபியு 100-லயே நிக்குது. வீடியோ டீகோட் 0. சுழியம். ஃபேன் சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்து அம்மா வந்து எட்டிப் பாத்தாங்க.
பழைய கிளிப் (8 பிட், 4:2:0): சிபியு 20-25. டீகோட் 30-க்கு மேல. வெண்ணெய் மாதிரி ஓடுது.
ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: சிபியு 60 சொச்சம், ரேம் 15.4-ல நிக்குது, டிஸ்க் 100.

இதுல இருந்து என்ன தெரியுது?

#6 சூடு_கம்மி | 12 மே, மதியம் 3:45

கிட்டத்தட்ட எல்லாமே தெரிஞ்சிடுச்சு.

எச்.265 ஃபைல் நல்லா மடிச்சு வெச்ச பட்டுப் புடவை மாதிரி. ப்ளே பண்ணும்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் பிரிச்சாகணும், டீகோட்னா அதுதான். அந்த வேலைக்குன்னே கிராபிக்ஸ் சிப்புக்குள்ள தனியா ஒரு சின்னச் சுற்று இருக்கு. பழைய கிளிப்பை அது பிரிச்சுக் கொடுத்துடுது, ப்ராசஸருக்கு அலுங்கல் இல்ல. புதுக் கிளிப்பைப் பாத்ததும் 'இது எனக்குத் தெரியாது'ன்னு கையை விரிச்சுடுது. அப்ப மொத்தப் பாரமும் ப்ராசஸர் தலையில. நீங்க பாத்த அந்த 0-வுக்கும் 100-க்கும் அர்த்தம் அதுதான்.

ஏன் தெரியாதுன்னா, 4:2:0-ல நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல், 4:2:2-ல ரெண்டு புள்ளிக்கு ஒண்ணு. நிறம் ரெண்டு மடங்கு. இதுல வேடிக்கை, உங்க 1660 சூப்பருக்கு 4:2:0-வும் பிரிக்கத் தெரியும், எச்.265-ல முழு நிறம் இருக்கற 4:4:4-ம் தெரியும். நடுவுல இருக்கற 4:2:2 மட்டும் தெரியாது. என்விடியா அதை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான் சேத்தாங்க, இந்த வருஷம் ஜனவரியில. ரைசன் 9950எக்ஸுக்குள்ள ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கே, அதுக்கும் 4:2:2 தெரியாது. இன்டெல் ப்ராசஸருக்குள்ள இருக்கற குவிக் சிங்க் மட்டும் எச்.265 4:2:2 10 பிட்டை 11-ஆம் தலைமுறையில இருந்தே பிரிக்குது.

அதனால கடைக்காரர் சொன்னது சரி. ஏன் சரின்னு அவருக்குத் தெரியுமாங்கறது வேற விஷயம்.

இப்ப 9950எக்ஸ் வாங்கினா என்ன ஆகும்? 16 கோரும் சேந்து முக்கி முனகி அந்தக் கிளிப்பை ஓட்டிடும். ஒரு கேமரா ஓடும். ரெண்டு, மூணு கேமராவை மல்டிகேம்ல, அதாவது எல்லாம் சேர்ந்து ஓடற மாதிரி, அடுக்கினா மறுபடி முதல்ல இருந்து. இன்டெல்லோட கோர் அல்ட்ரா 7 265கே போட்டா அந்தப் பிரிக்கற வேலை ஓரமா நடக்கும், கோர்கள் எல்லாம் உங்க கலருக்கும் எஃபெக்ட்டுக்கும். 8 பெரிய கோர், 12 சின்ன கோர், மொத்தம் 20. அறிமுக விலை 394 டாலர். 9950எக்ஸ் 649-னு நூல்32 மேலயே போட்டிருக்கார்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கதை வேற, அங்க உங்களுக்கு ரேம் பத்தல. கணக்கு போட்டுப் பாருங்க: 4கே ஃப்ரேம் ஒண்ணு 16 பிட்ல வெச்சா 3840 பெருக்கல் 2160 பெருக்கல் 8 பைட், சுமாரா 66 எம்பி. செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா 1.6 ஜிபிக்கு மேல. பத்து செகண்ட் பிரிவியூவுக்கே உங்க 16 ஜிபி காலி. அதுக்கு மேல டிஸ்க்ல எழுதி எழுதிப் படிக்குது, அதான் டிஸ்க் 100. 64 ஜிபி போடுங்க, 32-ஆ ரெண்டு குச்சி. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

#7 யாழ்_நிழல் | 12 மே, மாலை 6:30

அண்ணை, நானும் இதே பிரச்சினையில கிடந்து முழிச்சனான். புதுசா ஒண்டும் வாங்காமல் இன்டெல் ஆர்க் ஏ380 கார்ட் ஒண்டை இரண்டாவது சொருகியில போட்டன். அதுக்கையும் அதே குவிக் சிங்க்தான் இருக்கு. எச்.265 4:2:2 இப்ப திக்காமல் ஓடுது. காசு இறுக்கம் எண்டால் உங்கட 3600-ஓட அதைப் போட்டுப் பாருங்கோ, பிறகு யோசிக்கலாம்.

#8 கேமராக்காரன்_மதுரை | 12 மே, இரவு 9:10

நல்ல யோசனை தம்பி, நன்றி. என் போர்டுல ரெண்டாவது ஸ்லாட்டை 1660 கார்டோட அடிவயிறு மூடிக்கிட்டு இருக்கு. கழட்டி மாட்டிப் பாக்கலாம்தான், ஆனா ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு எப்படியும் ரேமும் வேகமும் வேணும். வைகாசி முகூர்த்தம் வரிசையா நிக்குது. மாத்தறதுன்னா ஒரேயடியா மாத்திடறேன்.

ப்ராக்ஸி (எடிட்டுக்குன்னு எடுக்கற லேசான நகல்) பண்ணச் சொல்லி ஒருத்தர் தனிமடல் போட்டிருந்தார். பண்ணிட்டுத்தான் இருக்கேன். ராத்திரி முழுக்க ஓடுது. காலையில முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன்ல திரையில ஹைலைட் போடணும்ங்கறாங்க இப்பல்லாம். ராத்திரிக்கு எங்க போறது?

#9 ரென்டர்_ராசா | 12 மே, இரவு 9:25

சரி, டீகோட் விஷயம் நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா அண்ணன் ஆவணியில கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தானே போறாரு? அப்ப ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில ஒண்ணு எடுத்தா 4:2:2 அதுலயே வந்துடும். எச்.265 மட்டுமில்ல, எச்.264 4:2:2-வும் பிரிக்கும், அதை இன்டெல்கிட்ட எதிர்பாக்க முடியாது. அப்புறம் ப்ராசஸர் எதுவா இருந்தா என்ன? 9950எக்ஸ் 9950எக்ஸ்தான். இன்னொண்ணு, ஏஎம்5 சாக்கெட்டை (போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடம்) 2027-க்கு அப்புறமும் தாங்குவோம்னு ஏஎம்டி வெளிப்படையா சொல்லியிருக்காங்க. இன்டெல் எல்ஜிஏ1700-ஐ 2021-ல கொண்டு வந்தாங்க, 2024-ல 1851-க்கு மாத்திட்டாங்க. அடுத்த தடவை போர்டும் சேத்துத்தான் மாத்தணும்.

#10 சூடு_கம்மி | 12 மே, இரவு 10:05

ராசா சொல்றது நியாயம். இன்னைக்கே கார்டும் சேத்து வாங்கறதா இருந்தா என் பதில் மாறியிருக்கும். ஆனா ஆவணி வரைக்கும் மூணு மாசம், நடுவுல வைகாசி. சாக்கெட் விஷயத்துல அண்ணன் 3600-ஐ அஞ்சு வருஷம் வெச்சிருந்தவர். அந்த ஏஎம்4 போர்டுலயே 5950எக்ஸ் வரைக்கும் போட்டிருக்கலாம், போடல. நம்மள்ல பாதிப்பேர் அப்படித்தான், அப்கிரேட் பண்ணலாம்னு வாங்குவோம், பண்ண மாட்டோம்.

எச்.264 பத்தி அவர் சொன்னதை மட்டும் குறிச்சு வெச்சுக்குங்க அண்ணே. கேமராவை எச்.265-லயே விடுங்க. கூட வர்ற அசிஸ்டென்ட் கேமராவும் அப்படியே இருக்கட்டும்.

#11 நூல்32 | 13 மே, காலை 7:40

16 கோர் யாருக்குத்தான் வேணும்னு கேட்டா, எனக்கு வேணும். பெரிய சி++ புராஜெக்ட் கம்பைல் பண்றேன், அதாவது எழுதின நிரலை ஓடற புரோகிராமா மாத்தறேன். ஆயிரக்கணக்குல தனித்தனி ஃபைல், ஒண்ணு இன்னொண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். 32 த்ரெட்டும் எரியும். ஆனா அதுலயும் கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சு லிங்க் பண்ணும்போது ஒத்தைக் கோர் ஓடும், மத்ததெல்லாம் வேடிக்கை பாக்கும்.

ஆம்டால்னு ஒரு கம்ப்யூட்டர் நிபுணர் 1967-லயே சொன்ன கணக்கு இது. பந்தியில பரிமாற 16 பேர் இருக்கலாம், சாம்பார் இறக்கறவர் ஒருத்தர்னா அவர் வேகம்தான் பந்தி வேகம். ஒரு வேலையில அஞ்சுல ஒரு பங்கு வரிசையாத்தான் நடக்கணும்னு வெச்சுக்குங்க. 8 கோர்ல 3.3 மடங்கு வேகம். 16 கோர்ல 4 மடங்கு. கோர் இரட்டிப்பு, லாபம் 20 சதவீதம். எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் 5-ஐத் தாண்டாது.

16 கோர் வாங்கறவங்க ரேம் கணக்கையும் பாக்கணும். என் கம்பைல்ல த்ரெட் ஒண்ணு ரெண்டு ஜிபி வரைக்கும் தின்னும், 32-க்கு 64 ஜிபி. அதை நாலு குச்சியா போட்டுடாதீங்க. ரைசன் 9000-ல ரெண்டு குச்சின்னா டிடிஆர்5-5600 அதிகாரபூர்வ வேகம், நாலு போட்டா 3600-க்கு இறங்கிடும். நான் போட்டுட்டு ஒரு வாரம் ஏன்னு தெரியாம சுத்தினேன்.

#12 பழைய_பென்டியம் | 13 மே, காலை 10:30

எல்லாரும் பேசிவிட்டீர்கள், அந்தக் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை. எடிட் அறையில் ஏசி கிடையாது. மதுரை. மே மாதம்.

எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராக்காது. 25 டிகிரி அறையில் 80 காட்டும் ப்ராசஸர், 40 டிகிரி அறையில் 95-ஐத் தொடும். விமர்சனக் காணொளி எல்லாம் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. 9950எக்ஸின் வரம்பு 95 டிகிரி, 265கே-க்கு 105. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் காற்றோடு போகும்.

2004-இல் நான் வைத்திருந்த பென்டியம் 4-ஐச் சொல்கிறேன். அப்போது எல்லாம் கிகாஹெர்ட்ஸ் பைத்தியம். 4-ஐத் தொடுவோம் என்றார்கள் இன்டெல்காரர்கள், 3.8-இல் நின்றுவிட்டு அந்த அக்டோபரில் திட்டத்தையே கைவிட்டார்கள். காரணம் சூடு. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் மின்சாரம் அதன் வர்க்கமாகக் கூடும். அந்தக் கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. 265கே 250 வாட் வரை இழுக்கும். பயாஸில் (போர்டின் அமைப்புப் பக்கம்) போய் அதை 160 அளவில் நிறுத்துங்கள். எடிட்டிங்கில் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது, அறையில் தெரியும். ரைசன்காரர்களுக்கு ஈகோ மோட் இருக்கிறது, 170 வாட் சிப்பை 105-க்கு இறக்கலாம். 100 வாட் குறைந்து தினமும் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 48 யூனிட். ஸ்லாப் ஓரத்தில் இருப்பவருக்கு அது பெரிய தொகை.

யுபிஎஸ் என்ன வைத்திருக்கிறீர்கள்? 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ப்ராசஸர் 250, புதுக் கார்டு 180, கரண்ட் போன நொடியிலேயே யுபிஎஸ்ஸும் போய்விடும்.

#13 கேமராக்காரன்_மதுரை | 13 மே, மதியம் 1:00

ஐயா, யுபிஎஸ் 600-தான். அதையும் மாத்தறேன். பட்ஜெட் தொண்ணூறுல நிக்காது போல இருக்கு.

இன்னொரு சந்தேகம். தெரிஞ்ச ஒருத்தர் ஒரு வருஷம் ஓட்டின 14900கே-யைப் போர்டோட சல்லிசா தர்றேங்கறார். 24 கோர். அதுலயும் குவிக் சிங்க் இருக்குல்ல?

#14 சூடு_கம்மி | 13 மே, மதியம் 1:20

இருக்கு, ஆனா வேணாம். 13, 14-ஆம் தலைமுறையில மின்னழுத்தம் தேவைக்கு மேல ஏறி சிப்பு மெல்ல மெல்லக் கெடுற சிக்கல் இருந்துச்சு. போன வருஷம் இன்டெலே ஒத்துக்கிட்டு வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க, ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடற குறியீடு) திருத்தம் விட்டாங்க. திருத்தம் போட்ட பயாஸ்ல புது சிப்பு ஓட்டினா பயமில்ல. ஆனா ஏற்கெனவே அடிபட்ட சிப்பை அந்தத் திருத்தம் சரிபண்ணாது. அவர் எப்ப பயாஸ் அப்டேட் பண்ணினார்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. பில்லும் வாரண்டியும் கைக்கு வந்தா பேசலாம். முகூர்த்த நேரத்துல ப்ளூ ஸ்க்ரீன் வந்தா மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது.

#15 கேமராக்காரன்_மதுரை | 16 மே, மாலை 5:12

கடையில நின்னுக்கிட்டு அவசரமா டைப் பண்றேன். 265கே கேட்டா ஸ்டாக் இல்லையாம், 265கேஎஃப் இருக்காம். "அதே ப்ராசஸர்தான் சார், அதே 20 கோர், ரெண்டாயிரம் கம்மி, உங்ககிட்டதான் கிராபிக்ஸ் கார்டு இருக்கே"ங்கறார். பில் போடப் போறார். எடுத்துடவா?

#16 சூடு_கம்மி | 16 மே, மாலை 5:14

வேண்டாம்!! எஃப் இருந்தா உள்ள கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் இல்லன்னா குவிக் சிங்க் இல்ல. நீங்க இன்டெல் பக்கம் வந்ததே அதுக்காகத்தான்.

#17 நூல்32 | 16 மே, மாலை 5:15

எஃப் வேணாம், எஃப் வேணாம். டப்பாவைக் கீழ வைங்க.

#18 கேமராக்காரன்_மதுரை | 16 மே, மாலை 5:31

வெச்சுட்டேன். திங்கக்கிழமை 265கே வந்துடுமாம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தார். நான் ஃபோனைப் பாத்துக்கிட்டே வெளிய வந்துட்டேன்.

#19 கேமராக்காரன்_மதுரை | 20 மே, இரவு 10:48

எல்லாம் வந்தாச்சு. நானும் மச்சானும் சேந்து மாட்டினோம். ஆன் ஆச்சு, விண்டோஸ் வந்துச்சு, ஆனா ஒண்ணுமே பண்ணாம 90 டிகிரி காட்டுது. பிரீமியரைத் திறந்தா 105, அப்படியே தவழுது. கூலர் பெரிய டவர் டைப், ரெண்டு ஃபேனும் சுத்துது. பேஸ்ட்டும் போட்டேன். ப்ராசஸர் கெட்டுப் போய் வந்திருக்குமோ?

#20 பழைய_பென்டியம் | 20 மே, இரவு 10:55

கூலர் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா?

#21 கேமராக்காரன்_மதுரை | 20 மே, இரவு 11:34

...

உரிச்சுட்டேன் ஐயா. "அகற்றவும்"னு சிவப்பு எழுத்துல பெருசா போட்டிருந்தது. மச்சான் அதைப் படிச்சுட்டு டிசைன்னு நெனச்சானாம்.

#22 கேமராக்காரன்_மதுரை | 2 ஜூன், காலை 6:20

ரெண்டு கல்யாணம் முடிஞ்சுது, அதான் தாமதம். மூணு கேமரா மல்டிகேம், எல்லாம் 4:2:2, ப்ராக்ஸி இல்லாம ஓடுது. டாஸ்க் மேனேஜர்ல இன்டெல் கிராபிக்ஸ் பக்கம் டீகோட் கட்டம் 60-ஐச் சுத்தி நிக்குது, சிபியு 30-ஐத் தாண்டல. பயாஸ்ல 160 வாட்ல நிறுத்தினேன், மதியம் ஃபேன் மட்டும் போட்ட ரூம்ல எக்ஸ்போர்ட் பண்ணும்போது 84 டிகிரி. முந்தாநேத்து ரிசப்ஷனுக்கு 7 மணிக்குத் திரை, 6:35-க்கு ஹைலைட் பென்டிரைவ்ல ஏறிடுச்சு. சாப்பிட்டு வந்து உக்காந்து பாத்தேன், இந்தத் தொழில்ல முதல் தடவையா.

ஒரே குறை, பயாஸ்ல உள்கிராபிக்ஸ் 'ஆட்டோ'ன்னு இருந்துச்சு. 1660 மாட்டினதும் அது தானா அணைஞ்சு போய் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். 'எனேபிள்'னு கையால மாத்தணும். யாராவது இதே வழியில வந்தா பாத்துக்குங்க.

#23 யாழ்_நிழல் | 2 ஜூன், காலை 8:05

சந்தோசம் அண்ணை. அந்தப் பயாஸ் விசயத்தை நானும் குறிச்சு வைக்கிறன்.

#24 ரென்டர்_ராசா | 2 ஜூன், காலை 9:50

வாழ்த்துகள் அண்ணே. அந்தப் பழைய 3600 போர்டோட சும்மாதானே கிடக்கு? தம்பிக்கு ஒரு மெஷின் தேடிக்கிட்டிருக்கேன்.

#25 கேமராக்காரன்_மதுரை | 2 ஜூன், காலை 10:02

பையன் நேத்தே தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப அவன் கேக்கறது 5700எக்ஸ்3டி.